லிஸ்பன் என்னும் மாநகர்

மாநகரங்களின் வரலாறு மன்னர்தம் வரலாறு மட்டும் அன்று. ஆறு கொணர்ந்த மண், கடல் கொணர்ந்த பொருள், பல திசையினின்றும் வந்து குடியேறிய மக்களின் உழைப்பு ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே ஒரு நகர் உருவாகின்றது. பிறந்த ஊரை விட்டு வந்து, மேலைக் கடலோரத்து மும்பை மாநகரிலே சங்கம் கண்டு வாழும் நமக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஐரோப்பியத் தலைநகர்களுள் இலண்டனையும் பாரிசையும் உரோமாபுரியையும் நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. ஆயினும் நம் வீட்டுச் சன்னலைத் திறக்கும்போதும், அலமாரியைச் சாவியால் பூட்டும்போதும், மேசையின்முன் அமரும்போதும் நாம் வழங்கும் சொற்கள் அந்நாட்டு மொழியினின்றும் வந்தவையே. பீப்பாய், ஏலம், பாதிரி என்பனவும் அவ்வாறு வந்தவை. நாம் குடியிருக்கும் இந்நகரின் தலைவிதியை ஒரு காலத்தில் எழுதியதும் லிஸ்பன் அரசவையே. ஆதலின் அந்நகரின் பகுதிகளையும், சின்னங்களையும், அது பட்ட பாடுகளையும் இம்மலரிலே சிறிது காண்போம்.

ஆறும் குன்றும்

ஸ்பெயின் நாட்டு மலைகளிலே தோன்றி மேற்கு நோக்கி ஓடிவரும் தேஜு ஆறு, அட்லாண்டிக் கடலில் கலக்கும் முன் ஓர் ஏரி போல அகன்று விரிகின்றது. அவ்விரிவை 'வைக்கோற் கடல்' என்று அந்நாட்டார் அழைப்பர். அதன் வடகரையிலே, குன்றுகளின்மேலும் குன்றுகளின் இடையிலும் அமைந்தது லிஸ்பன். ஏழு குன்றின் நகர் என்பது மரபு. கப்பல்கள் புயலுக்கு அஞ்சாது தங்குதற்கு ஏற்ற இயற்கைத் துறைமுகம் வாய்த்தமையால், பினிசியர் என்னும் பழைய கடல் வணிகர் இங்கு வந்து தங்கினர். பின்னர் வந்த உரோமானியர் இதனை ஒலிசிப்போ என வழங்கினர். கிரேக்க வீரன் யுலிசீசு இந்நகரைக் கண்டான் என்றொரு கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், உரோமானியர் குன்றின் சரிவிலே கட்டிய நாடக அரங்கின் எச்சம் இன்றும் மண்ணுக்கு வெளியே தெரிகின்றது.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவினின்றும் வந்த முசுலிம்கள் நகரைக் கைப்பற்றினர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அவர்கள் ஆட்சியில் இருந்தது. குன்றின் உச்சியில் கோட்டை, கோட்டையின் கீழே ஆற்றை நோக்கி இறங்கும் குறுகிய சந்துகள் என நகரின் பழைய உருவம் அக்காலத்தே அமைந்தது. அச்சந்துகள் நிறைந்த பகுதியே அல்ஃபாமா. வெந்நீரூற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். ஆட்சி மாறினும் ஊர்ப்பெயர் மாறாது என்பதற்கு இஃதொரு சான்று.

1147 ஆம் ஆண்டின் முற்றுகை

போர்த்துக்கலின் முதல் மன்னன் அஃபோன்சு என்ரிக்கசு 1147 ஆம் ஆண்டிலே நகரை முற்றுகையிட்டான். சிலுவைப் போருக்காகக் கிழக்கே சென்றுகொண்டிருந்த ஆங்கிலரும் பிளெமியரும் செருமானியரும் வழியிலே இறங்கி அவனுக்குத் துணை நின்றனர். சூலை முதல் அக்டோபர் வரை முற்றுகை நீடித்தது. உணவு ஒழிந்து நகரத்தார் பணிந்தனர். பணிந்தார்க்குத் தீங்கில்லை என்று உடன்படிக்கை செய்யப்பட்டும், படைவீரர் சிலர் நகருள் புகுந்து சூறையாடினர். முசுலிம் ஆட்சியிலும் அமைதியாகத் தம் சமயத்தைப் போற்றி வந்த நகரத்துக் கிறித்தவரின் முதிய ஆயரும் அச்சூறையிலே கொல்லப்பட்டார். சமயத்தின் பெயரால் வந்த படை அச்சமயத்தின் முதியவரையே கொன்றது.

பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்திலே தலைமைக் கோயில் எழுந்தது. 'சே' என வழங்கும் அக்கோயில், கோட்டை போன்ற இரு கோபுரங்களோடு இன்றும் நிற்கின்றது. எஞ்சிய முசுலிம்களுக்குக் கோட்டைச் சுவருக்கு வெளியே, குன்றின் வடபுறத்துச் சரிவிலே இடம் ஒதுக்கப்பட்டது. அப்பகுதி மொரரியா, அஃதாவது மூர்கள் வாழும் சேரி, எனப் பெயர் பெற்றது. இப்பெயரை நினைவில் வைத்தல் வேண்டும். கட்டுரையின் முடிவில் மீண்டும் அங்குச் செல்வோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அரசவை கொயிம்ப்ராவினின்றும் லிஸ்பனுக்கு மாறியது. பதுவைப் பதியர் என நம் நாட்டுக் கத்தோலிக்கர் போற்றும் புனித அந்தோனியார் உண்மையிலே இந்நகரத்தில் பிறந்தவர். 'சே' கோயிலின் அருகே அவர் பிறந்த இடமாகக் கருதப்படும் இடத்தில் ஒரு கோயில் உண்டு. சூன் 13 ஆம் நாள் அவர் திருவிழா. முந்தின இரவு முழுவதும் அல்ஃபாமாத் தெருக்களிலே மத்தி மீன் சுடும் புகை எழும். துளசியின் இனத்தைச் சேர்ந்த நறுஞ்செடியைச் சிறு தொட்டியில் வைத்து அன்பர்க்கு அளிப்பது அவ்விழாவின் வழக்கம்.

மிளகு எழுப்பிய மாடங்கள்

நகரின் மேற்கே, ஆறு கடலை நெருங்கும் இடத்திலே உள்ளது பெலெம். 1497 ஆம் ஆண்டு சூலை 8 ஆம் நாள் வாஸ்கோ ட காமா தன் கப்பல்களோடு புறப்பட்ட துறை அதுவே. மறு ஆண்டு மே மாதம் அவன் கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததும், அதனால் நம் நாட்டுக்கு விளைந்ததும் யாவரும் அறிந்தவை. லிஸ்பனுக்கு விளைந்தது யாது? பெலெமிலே நிற்கும் செரோனிமோசு மடம் அதற்கு விடை கூறும். 1501 ஆம் ஆண்டு தொடங்கிய அப்பணிக்கு, கீழை நாடுகளினின்றும் ஆப்பிரிக்காவினின்றும் வந்த சரக்குகளின்மேல் விதித்த நூற்றுக்கு ஐந்து வரி பயன்பட்டது. அவ்வரிக்கு மக்கள் வழங்கிய பெயர் 'மிளகு வரி' என்பதாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலிலே காய்த்த மிளகு, கடல் கடந்து சென்று கல் மாடமாயிற்று. அதன் தூண்களிலே கயிறும், நங்கூரமும், பவளமும், கடற்செடியும் செதுக்கப்பட்டுள்ளன. மனுவேல் மன்னன் காலத்துக் கலையாதலின் அதற்கு மனுவேலினி என்று பெயர். காமாவின் கல்லறையும், அவன் பயணத்தைக் காப்பியமாகப் பாடிய கமோயின்சு என்னும் பெரும்புலவரின் நினைவுக் கல்லறையும் அங்கே எதிரெதிராக உள்ளன. 1572 ஆம் ஆண்டு அச்சேறிய அக்காப்பியத்தின் இறுதிப் பகுதியிலே நம் மயிலாப்பூரும், அங்கு அடக்கமானதாகக் கூறப்படும் புனித தோமையாரும் இடம் பெறுகின்றனர்.

மடத்தின் அருகே, ஆற்றங்கரையிலே பெலெம் கோபுரம் நிற்கின்றது. அதன் காவல் மாடம் ஒன்றின் அடியிலே ஒரு காண்டாமிருகத் தலையின் சிலை உண்டு. குசராத்து மன்னர் இரண்டாம் முசாபர் சாவினிடமிருந்து வந்த காண்டாமிருகம் ஒன்று 1515 ஆம் ஆண்டு மே மாதம் லிஸ்பனில் இறக்கப்பட்டது. உரோமானியர் காலத்துக்குப் பின் ஐரோப்பா அத்தகைய விலங்கை உயிரோடு கண்டதில்லை. செருமானிய ஓவியர் தூரர், தாம் அதனை ஒருநாளும் காணாமலே, பிறர் எழுதிய குறிப்பையும் வரைந்த படத்தையும் கொண்டு அதனை வரைந்தார். நெடுங்காலம் ஐரோப்பியர் காண்டாமிருகம் என்று அறிந்தது அப்படத்தையே. பாவம், அவ்விலங்கு போப்பாண்டவருக்குப் பரிசாக மீண்டும் கப்பலேற்றப்பட்டு, இத்தாலியக் கரையோரம் கடலில் மூழ்கியது.

லிஸ்பனில் தமிழ்

மிளகும் விலங்கும் மட்டுமல்ல, மக்களும் கப்பலேறிச் சென்றனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். 1554 ஆம் ஆண்டு லிஸ்பனிலே 'கார்த்தில்லா' என்னும் சிறு சமயச் சுவடி ஒன்று அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்து, போர்த்துக்கீசியப் பொருளும் கூட்டி வெளியிட்ட நூல் அது. அதனை ஆக்கியோர் வின்சென்தே, சோர்சே, தோமா எனக் கிறித்தவப் பெயர் பூண்ட மூவர். அவர்கள் தமிழர் என்பது அறிஞர் முடிபு. ஐரோப்பாவிலே தமிழ்மொழி அச்சேறிய முதல் நூல் இதுவே. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கும் இது 24 ஆண்டு முந்தியது.

இச்சுவடியைத் தமிழுலகம் அறியச் செய்தவருள் முதன்மையானவர் தவத்திரு தனிநாயக அடிகளார். எஞ்சிய படி லிஸ்பன் அருங்காட்சியகத்திலே காக்கப்படுகின்றது. தாயகத்தை விட்டுப் பல்லாயிரம் கல் தொலைவிலே, தம் மொழியை அறியாதார் நடுவிலே, வேற்றெழுத்திலே தம் மொழியை அமைத்த அம்மூவரின் நிலையை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். தம் மொழியை அடுத்தவர் எழுத்தில் எழுதிக் காட்டும் தேவை நம் மக்களுக்கும் நேர்ந்துகொண்டே இருப்பதன்றோ?

மாநகரின் மறுபக்கம்

செல்வம் குவிந்த அந்நூற்றாண்டே லிஸ்பனின் கறைபடிந்த நூற்றாண்டும் ஆகும். 1496 ஆம் ஆண்டின் இறுதியில் யூதரும் முசுலிம்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என ஆணை பிறந்தது. மறு ஆண்டிலே யூதரை வெளியேறவும் விடாது, வலிந்து மதம் மாற்றினர். அவ்வாறு மாறியோர் 'புதுக் கிறித்தவர்' எனப்பட்டனர். பெயர் மாறியது, பகை மாறவில்லை. 1506 ஆம் ஆண்டு ஏப்ரலில், வறட்சியும் கொள்ளைநோயும் மக்களை வாட்டிய வேளையில், சாந்து தொமிங்கோசு கோயிலிலே ஓர் ஒளி தோன்றியதை அற்புதம் என்றனர் சிலர். அஃது அற்புதம் அன்று என ஒரு புதுக் கிறித்தவர் ஐயுற்றார். அவரை அங்கேயே அடித்துக் கொன்றனர். தொடர்ந்து மூன்று நாள் நடந்த கொலையிலே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 2008 ஆம் ஆண்டிலே, அக்கோயிலின் முன்னுள்ள திடலில் நகரத்தார் நினைவுக் கல் நாட்டினர்.

ஆப்பிரிக்கக் கரையினின்றும் பிடித்து வந்த அடிமைகள் இந்நகரின் துறையிலே விற்கப்பட்டனர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலே நகர மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமையாக இருந்தார். தண்ணீர் சுமந்தவரும், தெருக் கூட்டியவரும், கப்பலில் சரக்கு ஏற்றியவரும் பெரும்பாலும் அவர்களே. மாடங்களைக் காணும் கண்கள் இவர்களையும் காணுதல் வேண்டும். கல்லிலே பெயர் பொறிக்கப் பெற்றவர் ஒருசிலர். கல்லைச் சுமந்தவர் பலர்.

மணக்கொடையாக வந்த மும்பை

1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னர் ஆட்சியின்கீழ் இருந்தது. 1640 ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் லிஸ்பன் பெருமக்கள் கிளர்ந்தெழுந்து பிரகான்சா மரபினரை அரியணையில் ஏற்றினர். நகரின் நடுவே உள்ள 'மீட்டோர் சதுக்கம்' அந்நிகழ்ச்சியின் நினைவாகும். புதிய அரசுக்குத் துணை வேண்டியிருந்தது. ஆகவே 1661 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இளவரசி காத்தரின் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லசுக்கு மணம் பேசப்பட்டாள். மணக்கொடையிலே பணமும், தாஞ்சியர் துறைமுகமும், அவற்றோடு பம்பாய்த் தீவும் சேர்ந்தன.

தீவிலே வாழ்ந்த கோளியரையும் ஆகிரியரையும் பண்டாரியரையும் எவரும் கேட்கவில்லை. கோவாவிலிருந்த போர்த்துக்கீசிய ஆளுநர் மட்டும் மனம் ஒப்பாது, ஆங்கிலர் பம்பாயில் காலூன்றும் நாளே இந்தியாவை நாம் இழக்கும் நாள் என்னும் கருத்துப்பட மன்னனுக்கு எழுதினார். எனினும் 1665 ஆம் ஆண்டு தீவு கைமாறியது. 1668 ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னன் அதனை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டான். இன்று ஒரு சிறு அறைக்கும் நாம் தரும் வாடகையை எண்ணினால் நகையே தோன்றும். கைம்பெண்ணான காத்தரின் பிற்காலத்தில் லிஸ்பனுக்குத் திரும்பி, 1705 ஆம் ஆண்டு அங்கேயே காலமானாள்.

தண்ணீர் கொணர்ந்த வளைவுகள்

கடல் வளம் மிக்க லிஸ்பனுக்குக் குடிநீர் வளம் குறைவு. மன்னன் ஐந்தாம் சுவான் காலத்தில் தொலைவிலுள்ள ஊற்றுகளினின்றும் நீரைக் கொணரும் பெரும்பணி தொடங்கியது. இறைச்சி, ஒயின், ஒலிவ எண்ணெய் ஆகியவற்றின்மேல் விதித்த வரியே அதற்கு முதல். அஃதாவது, அன்றாடம் உண்டவர் செலுத்திய காசிலே எழுந்தது அக்கால்வாய். 1748 ஆம் ஆண்டு நீர் நகரை அடைந்தது. அல்காந்தரா பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் 35 வளைவுகள் 941 மீட்டர் நீளம் நிற்கின்றன. மிக உயர்ந்த வளைவின் உயரம் 65 மீட்டர். ஏழாண்டுகளுக்குப் பின் வந்த பெருஞ்சோதனையிலே அரண்மனை வீழ்ந்தது, இவ்வளைவுகள் வீழவில்லை.

1755 நவம்பர் 1

அன்று அனைத்துப் புனிதர் திருநாள். கோயில்கள் நிறைந்திருந்தன. மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. காலை ஏறத்தாழ ஒன்பதே முக்கால் மணிக்கு நிலம் நடுங்கியது. சில நிமிடங்களில் கோபுரங்களும் மாளிகைகளும் சரிந்தன. உயிர் தப்பியோர் திறந்த வெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடினர். ஆறு பின்வாங்கி, பின்னர்ப் பேரலையாகத் திரும்பி வந்து அவர்களை வாரிச் சென்றது. கவிழ்ந்த விளக்குகளாலும் அடுப்புகளாலும் மூண்ட தீ ஐந்தாறு நாள் எரிந்தது. மாண்டோர் தொகையை அறிஞர் பலவாறு கூறுவர். பல்லாயிரம் என்பதில் ஐயமில்லை.

ஆற்றங்கரை அரண்மனையும், அதனுள் இருந்த ஏறத்தாழ 70,000 நூல்கள் கொண்ட நூலகமும் சாம்பலாயின. அவ்வாண்டிலே திறக்கப்பட்ட இசை நாடக மாளிகை ஏழு மாதமே வாழ்ந்தது. நோயாளர் நிறைந்த பெரிய மருத்துவமனையும் எரிந்தது. கார்மோ குன்றிலுள்ள பெருங்கோயிலின் கூரை வீழ்ந்தது. அதன் வளைவுகளை மட்டும் வானமே கூரையாக இன்றும் விட்டு வைத்திருக்கின்றனர். அங்குச் செல்வோர் வேறு நினைவுச் சின்னம் தேட வேண்டுவதில்லை.

பிரான்சிலே வால்தேர் இத்துயரைக் கருவாகக் கொண்டு பாடல் எழுதினார். இறைவன் படைத்த உலகில் எல்லாம் நன்மைக்கே என்ற கொள்கையை அவர் வினவினார். செருமனியில் இளைஞராயிருந்த காந்து என்னும் தத்துவ அறிஞர் நிலநடுக்கத்தின் இயற்கைக் காரணங்களை ஆராய்ந்து எழுதினார். ஒரு நகரின் வீழ்ச்சி ஒரு கண்டத்தின் சிந்தனையையே அசைத்தது.

மீண்டும் எழுந்த நகர்

மன்னன் முதலாம் சோசே அன்று பெலெமில் இருந்தமையால் உயிர் பிழைத்தான். அதன்பின் கற்கூரையின்கீழ் உறங்க அஞ்சி, மரத்தால் அமைத்த இல்லத்திலேயே வாழ்ந்தான். செயலாற்றியவர் அமைச்சர், பிற்காலத்தில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்றவர். பிணங்களை விரைந்து அடக்கச் செய்தார், தானிய விலையை உயர்த்தக்கூடாதென ஆணையிட்டார், கொள்ளையரைத் தூக்கிலிட்டார். நாடெங்கும் உள்ள பங்குக் குருமாருக்கு வினாத்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை வீடுகள் வீழ்ந்தன, எத்தனை பேர் மாண்டனர் என்றெல்லாம் அதிலே கேட்கப்பட்டது. நிலநடுக்கத்தை ஆராயும் அறிவியலுக்கு அவ்விடைகள் முதற்பொருளாயின.

நகரை மீண்டும் அமைக்கும் பொறுப்பு மனுவேல் த மாயா என்னும் முதுபெரும் பொறியாளரிடம் வந்தது. அப்போது அவருக்கு அகவை 78. அரசின் ஆவணக் காப்பகத்துக்கும் அவரே தலைவர். கோட்டையிலிருந்த ஆவணக் கோபுரம் இடிந்து வீழ்ந்தபோது, இடிபாட்டினின்றும் ஏடுகளைத் திரட்டி மரக் கொட்டகையிலே காக்கச் செய்தார். அரண்மனை நூல்கள் அழிந்த அந்நகரிலே நாட்டின் பழைய ஆவணங்கள் எஞ்சியது அம்முதியவரால் என்க.

அவ்வாண்டு திசம்பரிலேயே அவர் தம் அறிக்கையைத் தொடங்கினார். ஐந்து வழிகளை அவர் எடுத்துரைத்தார். பழையபடியே கட்டுதல், தெருவை அகலமாக்கிக் கட்டுதல், வீட்டின் உயரத்தைக் குறைத்தல், தாழ்நிலப் பகுதியை அடியோடு திருத்திப் புதிதாக அமைத்தல், பெலெம் பக்கத்திலே வேறு நகர் காணல். நான்காம் வழியே ஏற்கப்பட்டது. எவுசேனியு தோசு சாந்தோசு, அங்கேரியில் பிறந்த கார்லோசு மார்தெல் ஆகிய இருவரும் துணைநின்றனர். அவ்வாறு எழுந்ததே பைஷா என்னும் நடுநகர். நேர்த்தெருக்கள், ஒரே உயர வீடுகள், பொற்கொல்லர் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு எனத் தொழிலால் அமைந்த பெயர்கள்.

வீட்டின் அமைப்பே இதனினும் சிறந்தது. பைஷா பகுதி பழைய ஓடை தூர்ந்த மென்னிலம். ஆகவே மரக்கழிகளை அடியில் இறக்கி அடித்தளம் இட்டனர். சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பின்னி ஒரு கூண்டு அமைத்தனர்; அதனைக் கல்லும் சுண்ணமும் கொண்டு நிரப்பினர். நிலம் ஆடினால் மரக்கூண்டு வளைந்து கொடுக்கும். சுவர் உதிரினும் வீடு வீழாது. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரரை அடியிட்டு நடக்கச் செய்து அதன் உறுதியைச் சோதித்தனர் என்பர். வீட்டுக்கு வீடு தீ பரவாதிருக்கக் கூரைக்கு மேலும் உயர்ந்த தடுப்புச் சுவர் எழுப்பினர். நிலநடுக்கத்தைத் தாங்கவென்றே ஐரோப்பாவில் முதன்முதல் பெருந்திட்டமாகக் கட்டிய நகர்ப்பகுதிகளுள் இஃது ஒன்று. வணிகர் தம் இறக்குமதிப் பொருளுக்கு நூற்றுக்கு நான்கு மிகை வரி செலுத்த முன்வந்தனர். அதனால் அரண்மனைத் திடல் வணிகர் திடல் என்று புதுப்பெயர் பெற்றது. 1775 ஆம் ஆண்டு மன்னனின் குதிரைச் சிலை அங்கு நிறுவப்பட்டது.

பொம்பாலின் பெருமையைக் கூறும்போது அவர் கொடுமையையும் மறைத்தல் தகாது. மன்னனைக் கொல்ல முயன்றதாகக் குற்றஞ்சாட்டித் தாவொரா குடும்பத்தினரை 1759 ஆம் ஆண்டு பெலெமிலே துன்புறுத்திக் கொன்றனர். அவர்களோடு மாண்ட பிரபு ஒருவரின் மாளிகையை இடித்து, அந்நிலத்தில் உப்பைத் தூவினர். 'உப்பிட்ட நிலம்' என்னும் பெயரோடு அச்சந்து இன்றும் உள்ளது. அவ்வாண்டிலேயே இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டனர். வீரமாமுனிவர் போன்றோர் உழைத்த நம் மதுரைப் பணித்தளமும் அதனால் நிலை குலைந்தது. ஆயினும் போர்த்துக்கல் மண்ணுக்குப் புதிதாக அடிமைகளைக் கொணர்தலை 1761 ஆம் ஆண்டு தடுத்தவரும் அவரே. அடிமை வாணிகம் பிரேசிலுக்கு மட்டும் தொடர்ந்தது. நன்மையும் தீமையும் ஒரே கையினின்றும் வருதல் வரலாற்றில் அரிதன்று.

அரசு மாறிய திடல்கள்

1807 ஆம் ஆண்டு நவம்பரில் நெப்போலியனின் படை நெருங்கியபோது, அரச குடும்பமும் ஆயிரக்கணக்கான பெருமக்களும் கப்பலேறிப் பிரேசில் சென்றனர். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டு அரசவை கடலுக்கு அப்பால் இருந்தது. மக்களே அயலார் படையின் துன்பத்தைத் தாங்கினர். 1908 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வணிகர் திடலின் மூலையிலே மன்னன் கார்லோசும் மூத்த இளவரசனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1910 அக்டோபர் 5 அன்று நகர மன்றத்தின் மேன்மாடத்தினின்றும் குடியரசு அறிவிக்கப்பட்டது.

அக்குடியரசு நிலைபெறவில்லை. 1926 ஆம் ஆண்டு படைப்புரட்சியின்பின், 1932 முதல் 1968 வரை சாலசார் தலைமையமைச்சராக இருந்து தனியாட்சி செலுத்தினார். இரகசியப் போலீசும் சிறையும் அவ்வாட்சியின் தூண்கள். 'சே' கோயிலின் அண்டையிலிருந்த அல்சூபே சிறை 2015 ஆம் ஆண்டு முதல் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகமாக உள்ளது. 1961 ஆம் ஆண்டு கோவா இந்தியாவோடு இணைந்ததை லிஸ்பன் ஏற்க மறுத்தது.

1974 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் இளம் படைத்தலைவர்கள் எழுந்தனர். நிலநடுக்கத்தில் கூரையிழந்த கார்மோ கோயிலின் அருகிலுள்ள படைவீட்டிலே பழைய ஆட்சியின் தலைவர் சரணடைந்தார். மக்கள் வீரர்களின் துப்பாக்கி முனையில் செங்கார்னேசன் மலர்களைச் செருகினர். இரகசியப் போலீசார் தம் அலுவலகத்தினின்றும் சுட்டதில் நால்வர் மாண்டனர் எனினும், பெரும்போர் இன்றி ஆட்சி மாறியது. அவ்வாண்டின் இறுதி நாளில் கோவா இந்தியாவின் பகுதியே என்று ஒப்பிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தேஜுவின்மேல் 1966 ஆம் ஆண்டு திறந்த சாலசார் பாலம் 'ஏப்ரல் 25 பாலம்' எனப் பெயர் மாறியது.

இன்றைய லிஸ்பன்

நகராட்சி எல்லைக்குள் 2021 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். நம் மும்பையின் ஒரு வட்டத்தின் மக்களுக்கு ஒப்பிடத்தக்க தொகையே அது. வண்ண ஓடுகள் பதித்த சுவர்கள், செங்குத்தான தெருவிலே ஏறும் மஞ்சள் டிராம் வண்டிகள், 1902 ஆம் ஆண்டு முதல் நிற்கும் சாந்தா சூசுதா இரும்பு ஏற்றி ஆகியன அதன் அடையாளங்கள். குன்றேறும் பழைய கம்பி வண்டிகளுள் ஒன்றாகிய குளோரியா 2025 ஆம் ஆண்டு செப்டம்பரில் விபத்துக்குள்ளாகி 16 பேர் மாண்டது நகரத்தாரை உலுக்கியது. ஷியாடு என்னும் கடைத்தெருப் பகுதி 1988 ஆம் ஆண்டு தீக்கு இரையாகி, ஆல்வரு சீசா என்னும் சிற்பியின் திட்டப்படி, பழைய முகப்புகள் மாறாமல் மீண்டும் எழுந்தது. கிழக்கே, 1998 ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகத் திருத்திய பழைய தொழிற்பகுதி புதுநகராக விளங்குகின்றது.

முன்னர்க் குறித்த மொரரியாவுக்கு மீள்வோம். வென்றவர் தோற்றவரை ஒதுக்கி வைத்த அச்சரிவிலே ஏழைகளும் கப்பலோட்டிகளும் குடியிருந்தனர். ஏக்கமும் இரக்கமும் ததும்பும் ஃபாதோ என்னும் இசை அங்கும் அல்ஃபாமாவிலும் வளர்ந்தது. 2011 ஆம் ஆண்டு உலகப் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றபோது, மொசாம்பிக்கிலே வாழ்ந்த குசராத்தியரும் கோவாவினரும் பலர் லிஸ்பனுக்கு வந்தனர். இன்று மொரரியாவின் அடிவாரத்திலே மார்த்திம் மோனிசு திடலைச் சுற்றி, இந்தியரும் வங்காள நாட்டினரும் நேபாளரும் சீனரும் கடை வைத்துள்ளனர். மல்லியும் மஞ்சளும் மிளகும் அங்கே சில்லறைக்குக் கிடைக்கும். கோவா வழித்தோன்றலாகிய அந்தோனியு கோசுதா 2007 முதல் 2015 வரை லிஸ்பனின் நகரத் தந்தையாகவும், பின்னர் 2024 வரை நாட்டின் தலைமையமைச்சராகவும் இருந்தார்.

ஆயினும் புதிய துன்பமும் உண்டு. சுற்றுலாவினர் பெருகப் பெருக, அல்ஃபாமாவிலும் மொரரியாவிலும் வீடுகள் விடுதிகளாகின்றன, வாடகை ஏறுகின்றது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முதியோர் வெளியேறுகின்றனர். நிலநடுக்கம் அசைத்தும் கலையாத சந்துகளை வாடகைச் சீட்டு கலைத்துவிடுமோ என்று நகரத்தார் கவலுறுகின்றனர். மறுகட்டுமானம் என்னும் சொல் நாள்தோறும் ஒலிக்கும் காலனிகளிலே வாழும் நமக்கு இக்கவலை புதிதன்று.

முடிவுரை

லிஸ்பன் வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? அரண்மனை அழிந்தது, உண்டவர் காசில் எழுந்த நீர்வளைவு நின்றது. எழுபதாயிரம் நூல்கள் எரிந்தன. தாயகம் துறந்த மூவர் செய்த சிறு தமிழ்ச் சுவடி எஞ்சியது. வெளியே தள்ளியோர்க்கு ஒதுக்கிய சேரி, வந்தோர்க்கெல்லாம் வாயிலாயிற்று. மக்களை விரட்டிய காலத்தில் அந்நகர் சிறுமையுற்றது. வீழ்ந்தபின் கூடித் திட்டமிட்டு எழுந்த காலத்தில் பெருமையுற்றது.

வந்த ஊரை நம் ஊராக்கி, அதன் நலத்துக்கு உழைத்து, நம் மொழியையும் ஏட்டிலே பதித்து வைப்போம். பின்வருவோர் நம்மைத் தேடும் நாளில் அவர்கள் கைக்குக் கிடைப்பது அவ்வேடே. லிஸ்பனில் அம்மூவர் செய்தது அதுவே. நம் சங்கம் ஆண்டுதோறும் செய்வதும் அதுவே.